மாறாத கோப்பு மாறியது எங்ஙனம்?

நேற்றிரவு நகலெடுத்து வைத்த கோப்புகளையே இன்றிரவும் நகலெடுக்கிறது காப்புப் பிரதி மென்பொருள். இடையில் எவரும் அவற்றைத் தொட்டாரில்லை. எனினும், ‘மாறியவை’ எனத் தலைப்பிட்டு நெடியதொரு பட்டியலை நம்முன் நீட்டுகிறது. பாட்டனார் காலத்துக் காணி உறுதியின் படமும், மூத்த மகளின் திருமணப் படங்களும் ஓரிரவில் எங்ஙனம் மாறும்? வீட்டிலே கணனி வைத்திருப்போர் பலர் இவ்விந்தையைக் கண்டிருப்பர். ‘இருமுறை நகலெடுத்தால் நட்டமென்ன?’ என்று வாளாவிருந்தும் இருப்பர்.

நட்டம் உண்டு என்பதே நம் கருத்து. நாள்தோறும் ஆயிரக்கணக்கான பெயர்களைக் காட்டும் பட்டியலை எவரும் வாசியார். தம்பி தன் விளையாட்டில் அக்காவின் ஆய்வுக் கட்டுரையை அழித்தெழுதிய அன்று, அந்த ஒரு பெயரும் அக்கூட்டத்துள் மறைந்துபோம். பழைய பிரதிகளையும் சேர்த்து வைக்கும் மென்பொருளாயின் தீங்கு இன்னும் பெரிது. பொய் மாற்றங்களின் பிரதிகளே வட்டை நிரப்ப, இடமின்மையால் நல்ல பழைய பிரதி வெளியேற்றப்படும்.

இதற்குக் காரணம் யாது? இத்தகைய மென்பொருள்களுட் பெரும்பாலானவை கோப்பைத் திறந்து வாசிப்பதில்லை. அதன் அளவையும், கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் மாத்திரம் இரு பக்கமும் ஒப்பிடுகின்றன. 1996ஆம் ஆண்டு அந்திரூ திரிஜெல், போல் மக்கரஸ் ஆகிய இருவர் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’ என்னும் புகழ்பெற்ற மென்பொருளும் வழக்கமாக இம்முறையையே கையாள்கிறது. வேகத்துக்கு இது நல்ல வழி. ஆனால், இரண்டு வட்டுகளும் நேரத்தை ஒரே விதமாக எழுதிவைக்க வேண்டுமே! அங்கேதான் சிக்கல்.

விண்டோஸ் கணனியின் உள்வட்டு, ‘என்ரிஎஃப்எஸ்’ முறையில், ஒரு செக்கனைக் கோடி கூறாக்கி நேரத்தைக் குறிக்கிறது. பென் டிரைவ்கள் பலவற்றிலுள்ள ‘ஃபாட்32’ முறையோ பழைமையானது. திருத்திய நேரத்தை எழுத அதற்கு 16 துவித இலக்கங்களே உண்டு. மணித்தியாலத்துக்கு 5, நிமிடத்துக்கு 6 போக, செக்கனுக்கு மிஞ்சுபவை 5. ஐந்து இலக்கங்களால் 32 எண்களைத்தான் குறிக்க முடியும், செக்கன்களோ 60. ஆகவே இரண்டிரண்டு செக்கனாகவே எண்ணினர். ஏழாம் செக்கனில் திருத்திய கோப்பு பென் டிரைவில் ஆறாம் செக்கனிலோ எட்டாம் செக்கனிலோ திருத்தியதாகவே பதியும். மீண்டும் நகலெடுத்தாலும் அவ்வாறே பதியும். இரவுதோறும் இந்தக் கூத்துத்தான்!

வித்தியாசம் சரியாக ஒரு மணித்தியாலமாயின் காரணம் வேறு. ஃபாட் முறை உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. என்ரிஎஃப்எஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கோடைக்காக மணிக்கூட்டை மாற்றும்போது இரண்டும் விலகிவிடும். நம் நாட்டிலும் இதற்கோர் உதாரணம் உண்டு. 2006 ஏப்ரில் 15ஆந் திகதி இலங்கையின் நேரம் அரைமணி பின்தள்ளப்பட்டபோது, முன்னர் எடுத்த பிரதிகளுக்கும் மூலங்களுக்குமிடையே அரைமணி பேதம் தோன்ற இடமிருந்தது.

ஆதலின், முதலில் ஒரு கோப்பின் நேரத்தை இரு பக்கமும் செக்கன் வரை பார்த்துக்கொள்க. பேதம் இரண்டு செக்கனுக்கு உட்பட்டதாயின், அதைப் பொருட்படுத்தாதிருக்குமாறு மென்பொருளுக்குச் சொல்லலாம். விண்டோஸிலுள்ள ரொபோகொப்பிக்கு ‘எஃப்எஃப்ரி’ என்ற குறி அதற்கே அமைந்தது. ஒரு மணித்தியாலப் பேதத்துக்கு ‘டிஎஸ்ரி’. வட்டையே என்ரிஎஃப்எஸ் முறைக்கு மாற்றியும் அமைக்கலாம். அப்படி அமைப்பது உள்ளே இருப்பவற்றையெல்லாம் துடைத்துவிடும் என்பதை மறவற்க! ஐயம் நீங்காதோர் ஒருமுறை மாத்திரம் உள்ளடக்கத்தையே ஒப்பிடச் செய்க. பொழுது பிடிக்கும், ஆனால் உண்மை தெரியும்.

தமிழிற் பெயரிடுவோர்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1998இற் கொணர்ந்த ‘எச்எஃப்எஸ் பிளஸ்’ முறை, ‘கோ’ என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஏகாரக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து எழுதிவிடும். நம் கண்ணுக்குக் ‘கோவில்’ கோவிலே. மென்பொருளுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். ஒன்று அழிந்து மற்றொன்று பிறந்ததாகக் கணக்கு வைக்கும். பழைய மாக் வட்டுகளோடு கொடுக்கல் வாங்கல் உள்ளோர், அக்கோப்புகளுக்கு மாத்திரம் ஆங்கில எழுத்தில் பெயரிடுவது தொல்லையற்றது.

இவற்றினும் அஞ்சத்தக்கது மறுதலையான நிலை. ‘வெராகிரிப்ட்’ பூட்டுப் பேழையினுள் எத்தனை கடிதம் எழுதிச் சேர்த்தாலும், வழக்கமான அமைப்பில் பேழையின் அளவும் மாறாது, நேரமும் மாறாது. காப்பு மென்பொருள் ‘மாற்றமில்லை’ என்று கடந்து போய்விடும். இதைப் பயன்படுத்துவோர், அதன் அமைப்புப் பக்கத்திலே ‘திருத்திய நேரத்தைப் பேணுக’ என்னும் தெரிவை இன்றே நீக்கிவிடுக.