ஏற்றத்தில் நிற்கும் மொறிஸ் மைனர்

மாத்தளையில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதிய கடிதம் இரண்டு கிழமைகளாக என் மேசைமேற் கிடக்கிறது. அவருடைய வீட்டில் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஒன்று உண்டு. தோட்டத்தில் அப்போதிக்கரியாக இருந்த பாட்டனார் வாங்கியது. இன்று தகப்பனார் ஓட்டுகிறார். நகருக்குள் ஒரு குறையுமின்றி ஓடும் அக்கார், கண்டிக்குப் புறப்பட்டால் பலகடுவ ஏற்றத்து வளைவுகளில் இருமி இருமி நின்றுவிடுகிறதாம். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் புறப்படுகிறதாம். திருத்துமிடம் ஒன்றிலே, காபரேற்றரையும் பம்பையும் கழற்றி எறிந்துவிட்டு யப்பான் காரின் சாமான்களைப் பூட்டவேண்டும் என்று கூறியிருக்கிறார்கள். செலவைக் கேட்ட தாயார், அந்தக் காசைக் கொடுப்பதிலும் காரை விற்றுவிடுவதே புத்தி என்கிறார். "விற்பதா, மாற்றுவதா?" என்று கேட்கிறார் மாணவர்.

முதலில் சோதியுங்கள், பிறகு பேசலாம் என்பதே என் விடை. இப்படிக் கூறுவதற்குக் காரணம் உண்டு.

இக்காரைச் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த மொறிஸ் மைனர், 1948இல் இலண்டனில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் முன் வைக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டின் முடிவில் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. நம் நாட்டில் ஆசிரியர்களும் வைத்தியர்களும் தோட்டத்து உத்தியோகத்தர்களும் விரும்பி வாங்கிய வாகனம் இது. அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபின், இருந்ததைப் பேணுவதன்றி வேறு வழியில்லை என்றாயிற்று. தொண்ணூறுகளில் இக்காரின் தகட்டுப் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன என்றால், நம்மவர் கைத்திறனுக்கு வேறு சான்று வேண்டுமோ? 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை, மூலையிற் கிடந்த பழைய கார்கள் பல மறுபடியும் வீதிக்கு வந்தன. மாணவரின் வீட்டுக் கார் இத்தனையையும் கடந்து நிற்பது.

நிற்க. பெற்றோல் செல்லும் வழியை முதலில் மனத்திற் பதித்துக்கொள்வோம். மைனரில் பெற்றோல் தாங்கி பின்புறம், சாமான் வைக்கும் அறையின் அடியில் இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய உலோகக் குழாய் காரின் அடிவயிறு நெடுகிலும் முன்னோக்கி வருகிறது. எஞ்சின் அறையின் பின்சுவரிலே மின்சாரப் பம்பு பொருத்தப்பட்டிருக்கிறது. பம்பு பெற்றோலை உறிஞ்சிக் காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்துக்கு அனுப்புகிறது. உலோகக் குழாய்கள் சந்திக்கும் இடங்களில் சிறு சிறு றப்பர்க் குழாய்த் துண்டுகள் இருக்கும். தொல்லைகளிற் பாதி இத்துண்டுகளிலேதான் பிறக்கின்றன.

எஸ்.யு. என்ற அந்தப் பம்பின் வேலை பௌதிகம் படிப்போர் இரசிக்கத்தக்கது. மின்காந்தச் சுருள் ஒன்று மெல்லிய படலத்தை இழுக்கும்போது பெற்றோல் உள்ளே வருகிறது. இழுவை முடிந்ததும் மின்னோட்டம் தானாகவே அறுந்து, ஒரு வில்லுச்சுருள் படலத்தைத் தள்ளிப் பெற்றோலை வெளியேற்றுகிறது. ஒவ்வொரு முறையும் 'டிக்' என்ற ஓசை எழும். மிதவைக் கிண்ணம் நிறைந்தவுடன் ஊசி வழியை அடைத்துவிடும். வில்லுச்சுருளால் மேலும் தள்ள முடியாது, பம்பு வாய்மூடும். ஆகவே பம்பின் ஓசையே பெற்றோல் ஓட்டத்தின் நாடித்துடிப்பு.

இறத்தோட்டை வீதியில் எனக்குத் தெரிந்த முதிய பாஸ் ஒருவர் இருக்கிறார். பழைய காரைக் கொண்டுபோனால் ஆயுதப் பெட்டியைத் திறக்கவே மாட்டார். "சேர், மொதல்ல சாவியத் திருப்பிட்டு சும்மா இருங்க. பம்பு என்னா சொல்லுதுன்னு கேப்பம், ஸ்பானர் பெறகு எடுக்கலாம்" என்பார். அவர் கேட்கும் முறையை இங்கே எழுதிவிடுகிறேன். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்புக. பம்பு சில முறை விரைந்து அடித்து, தளர்ந்து, நின்றுவிட்டால் நலம். நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கி வெறுமை. அல்லது உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ வெடிப்பு வழியாக வளி நுழைகிறது. மிக மெதுவாக, மனமில்லாததுபோல் அடித்தால் குழாயிலோ வடிகட்டியிலோ அடைப்பு. அடிக்கவேயில்லை எனின், பம்பிலிருந்து காபரேற்றருக்குச் செல்லும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அப்போது அடிக்கத் தொடங்கினால் குற்றம் பம்பில் இல்லை. மிதவைக் கிண்ணத்து ஊசி இறுகிவிட்டது. அப்போதும் மௌனம் சாதித்தால் மின்தொடர்பையும் பம்பின் உள்ளே உள்ள பொயின்றையும் பார்க்கவேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் இச்சோதனையைச் செய்யலாகாது. சிகரெட் பற்றவைத்தவர் எவரும் அருகில் நிற்கலாகாது. கழற்றிய குழாயின் வாய், பெற்றோல் கொஞ்சம் ஊற்றிய கண்ணாடிப் போத்தலுக்குள் அமிழ்ந்திருக்கட்டும். குமிழிகள் ஓயாமல் வந்தால் வளி நுழைகிறது என்பதைக் கண்ணாலும் காணலாம்.

இனி மாணவரின் சங்கதிக்கு வருவோம். ஏற்றத்தில் மட்டும் நிற்பானேன்? கார் முகத்தை மேலே தூக்கும்போது பின்புறத்துத் தாங்கி பம்பைவிட மேலும் தாழ்ந்துபோகிறது; பம்பு அதிக உயரத்துக்கு உறிஞ்சவேண்டியிருக்கிறது. அதே வேளையில் கார் மெதுவாக ஊர்வதால் காற்றோட்டம் குறைவு, சூடு அதிகம். நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும் என்று வகுப்பிற் படித்திருப்பீர்கள். அமுக்கம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். உறிஞ்சும் குழாய்க்குள்ளும் அமுக்கம் குறைவே. சூடேறிய குழாயில் பெற்றோல் ஆவியாகிக் குமிழிகட்டிவிடுகிறது. பம்பு ஆவியை மென்றுகொண்டிருக்க, காபரேற்றர் பட்டினி கிடக்கிறது. இதனையே ஆவியடைப்பு என்பர். ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகும், கார் புறப்படும்.

ஆனால் இதே குணத்தைக் காட்டும் வேறொரு நோயும் உண்டு. தாங்கியின் மூடியில், வெளிவளி உட்புகுவதற்கென்று நுண்துளை ஒன்று இருக்கும். தூசியால் அது அடைபட்டால், பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்பின் இழுவைக்கு எதிராக நிற்கும். அரைமணி நேரத்தில் வளி சிறிது சிறிதாகக் கசிந்து உட்சென்றதும் கார் ஓடும். பார்ப்பவர் சூடு ஆறியதால் ஓடுகிறது என்று எண்ணிக்கொள்வர். ஆகவே அடுத்த முறை பலகடுவவில் நின்றால், ஆறுவதற்குக் காத்திராமல் உடனே மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 'உஸ்' என்று வளி உள்ளிழுக்கும் ஓசை கேட்டு, பின்னர் கார் உடனே புறப்பட்டால், நோய் மூடியில். ஒரு சதமும் செலவில்லாத சோதனை இது. திருத்துமிடத்தார் இதைச் செய்யாமல் காபரேற்றரைக் குறைகூறியது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

எஸ்.யு. காபரேற்றரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கின்னர் என்னும் பாதணி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள் ஆக்கியது அது. தொடக்க காலத்தில் அதன் உள்ளுறுப்பு தோலால் ஆன துருத்தியாக இருந்தது என்றால் வியப்பில்லை! பின்னர் தோல் போய் உலோக உலக்கை வந்தது. எஞ்சின் எவ்வளவு வளியை இழுக்கிறதோ அவ்வளவுக்கு உலக்கை உயர்ந்து, அதிற் பூட்டிய கூரிய ஊசி பெற்றோல் துவாரத்தைத் திறந்துகொடுக்கிறது. உலக்கையைக் கையால் உயர்த்தி விட்டால் 'டொக்' என்று விழவேண்டும். ஒட்டிக்கொண்டால் துடைத்தாற் போதும். கலவை சரியா என்றறிய, எஞ்சின் மெல்ல ஓடும்போது உலக்கையை மயிரிழையளவு உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெற்றோல் மிகுதி. எஞ்சின் தள்ளாடி நின்றால் பெற்றோல் குறைவு. சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த இக்கருவியைத் தூக்கியெறிவதற்குத் தகுந்த காரணம் வேண்டாமா?

யப்பான் காரின் பம்பைப் பூட்டுவது வீண் செலவு மட்டுமன்று, ஆபத்துமாகும். மைனரின் பம்பு சதுர அங்குலத்துக்கு ஓரிரண்டு இறாத்தல் அமுக்கமே கொடுக்கும். இன்றைய ஊசிமருந்துபோல் பெற்றோலைப் பீச்சும் எஞ்சின்களுக்கான பம்புகளோ நாற்பது இறாத்தல் அளவிற் கொடுப்பன. அதை மிதவைக் கிண்ணத்து ஊசி எப்படித் தாங்கும்? பெற்றோல் பொங்கி வழியும். மைனரில் காபரேற்றரின் நேர் கீழே இருப்பது கொதிக்கும் புகைபோக்கி வார்ப்பு. மேலும் விளக்க வேண்டியதில்லை.

மேம்படுத்த வேண்டியவையும் உண்டு. நான் பழைமைப் பித்தன் அல்லன். முதலாவது, றப்பர்க் குழாய்கள் அத்தனையையும் மாற்றுக. இந்தியாவில் 2025இல் பெற்றோலுடன் நூற்றுக்கு இருபது பங்கு எதனோல் கலக்கும் நிலை வந்துவிட்டது. எதனோல் பழைய றப்பரை அரிக்கும். நீரையும் ஈர்த்து வைத்துக்கொள்ளும். நம் நாட்டிலும் நாளை எது வரும் என்று எவர் அறிவார்? எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட குழாய் எதனோலையும் தாங்கும். அதைக் கேட்டு வாங்குக. அடுத்து, குழாய் வழியில் நல்ல வடிகட்டி ஒன்று. காபரேற்றருக்கும் புகைபோக்கிக்கும் இடையில் சூடு தடுக்கும் தகடு ஒன்று. பம்பின் பொயின்ற் அடிக்கடி கரிந்தால், பொயின்றுக்குப் பதிலாக மின்னணுச் சுற்று வைத்த அதே எஸ்.யு. பம்பை வாங்கலாம். இவ்வளவும் செய்தபின்னும் ஆவியடைப்பு வந்தால், குறைந்த அமுக்கமுள்ள, பின்புறம் பூட்டுவதற்கென்றே செய்த பம்பைத் தாங்கியின் அருகிற் பூட்டிவிடலாம். இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளும் பம்பு. குழாயில் அமுக்கம் குறைவதில்லை, பெற்றோல் எளிதில் ஆவியாவதுமில்லை.

கடைசியாகத் தாங்கி. 2022இல் பெற்றோல் செட்டுகளின் முன் நாட்கணக்கில் வரிசை நின்ற காலத்தில் எத்தனையோ கார்கள் மாதக்கணக்கில் நின்றுபோயின. நின்ற பெற்றோல் பிசினாகும். பாதி வெறுமையான தாங்கியின் உட்சுவரில் ஈரம் படிந்து துரு பிடிக்கும். வடிகட்டியிற் செம்மண் போன்ற தூள் கண்டால் தாங்கியை இறக்கிக் கழுவியே ஆகவேண்டும். அதில் ஓட்டை இருந்தால், வெறும் தாங்கிதானே என்று நெருப்பை அருகிற் கொண்டுபோக எவரையும் விடாதீர்கள். நிறைந்த தாங்கியிலும் வெறும் தாங்கியே கொடிது. அதனுள் இருப்பது பெற்றோல் ஆவியும் வளியும் கலந்த வெடிமருந்து. பலமுறை கொதிநீராற் கழுவி, ஆவி முற்றாக நீங்கிய பின், அந்த வேலையிற் பழகியவர் மட்டுமே ஒட்டலாம். தகடு மெலிந்துபோயிருந்தால் ஒட்டுவதைவிடப் புதுத் தாங்கி வாங்குவதே மேல். தகப்பனாரிடம் முதலில் இந்தப் பந்தியைக் காட்டுங்கள்; மூடிச் சோதனை பிறகு நடக்கட்டும்.