நிலையத்து இணையமும் சுமை தூக்குவோரும்

இந்தியப் புகையிரத நிலையங்களிற் கம்பியில்லா இணையத்தைப் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கும் பணியைக் கூகிளும் இரயில்ரெல் நிறுவனமும் சேர்ந்து 2016 சனவரியில் மும்பாய் சென்றல் நிலையத்தில் தொடங்கின. 2018 யூனில் 400 நிலையங்களை எட்டின. அவ்வாண்டே எறணாகுளம் நிலையத்துச் சுமை தூக்குந் தொழிலாளி ஒருவர், வேலையினூடே அவ்விணையத்தாற் பாடங்கேட்டுக் கேரள அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்விற் சித்தியெய்தினார்.

2021 மார்ச்சில் 4,000 நிலையங்களிற் கட்டணமுறை புகுந்தது. நாளொன்றுக்கு முதல் 30 நிமிடம் இலவசம். மேலும் நேரமும் விரைவும் வேண்டுவோர் பணஞ் செலுத்தல் வேண்டும். விரைவு மிகுதல் மேம்பாடே. யான் அதனை மறுப்பேனல்லேன். ஆயின், வண்டிக்குக் காத்திருக்கும் பயணிக்கு அரைமணி போதும். நாள் முழுதும் அங்கேயே உழைத்துக் கற்பவர்க்குப் போதுமோ? ஓடும் வேகத்தால் மட்டுமன்றி, உயர்த்தும் மனிதராலும் மேம்பாட்டை அளத்தலே முறையாகும்.