குளிரை நாடும் மரம்

சைபீரியாவிலும் ஆல்ப்சு மலையிலும் வளரும் லார்ச் மரத்தைச் சிங்கப்பூர் மாடிவீட்டில் போன்சாய் எனும் குறுமரமாக்க விழைவோரே, அதன் இயல்பை அறிவீரோ? ஊசியிலை மரமாயினும் அது ஆண்டுதோறும் பொன்னிறமுற்று இலையுதிர்க்கும். பல வாரக் குளிரில் உறங்கினாலன்றிச் செவ்வனே தளிர்க்காது. குறுகும் பகலும் தணியும் வெப்பமும் அவ்வுறக்கத்திற்கு அழைப்பு. நம் நிலநடுக்கோட்டுப் பகுதியிலோ ஆண்டு முழுதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்; கேமரன் மலையின் குளிரும் போதாது. குளிர்ப்பெட்டியில் உறங்க வைப்போம் என்பாரும் உளர். வெளிவந்தபின் சுடும் பகலுக்கும் புழுங்கும் இரவுக்கும் அவர் கூறும் விடை யாது? அத்தி இன மரங்களும் புளியும் இங்கே தொட்டியில் பல்லாண்டு வாழும். பள்ளித் தோட்டத்தில் மாணவர்க்குக் காட்டத்தக்கவை அவையே. அரியது என்பதற்காக ஓருயிரை வாட்டுவது கலையாகாது.