பழைய கிரைண்டருக்கும் ஒரு கணக்கு

பண்டிகைக் காலம் நெருங்கினால், ‘பழையதைத் தாருங்கள், புதியதைப் பெறுங்கள்’ என்னும் அறிவிப்புகள் நஞ்சன்கூட்டுக் கடைவீதியிலும் தொங்கத் தொடங்கிவிடும். சில நூறு ரூபாய்த் தள்ளுபடிக்காக முதலில் வீட்டைவிட்டு வெளியேறுவது, மூலையில் ஓய்ந்து நிற்கும் கல் கிரைண்டர். அவசரம் வேண்டா என்பதே நம் கருத்து.

இங்கிருந்து சாம்ராஜ்நகர், திம்பம் வழியாக மலையிறங்கிச் சென்றால் கோவை. 1955இல் பி. சபாபதி மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கியது அங்கேதான். ஆட்டுக்கல்லில் குழவி சுழலும், கல் அசையாது. இயந்திரத்தில் கல் சுழலும், குழவி நிற்கும். இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். நஞ்சன்கூட்டு ரசபாளே வாழைக்கும் அதே பெருமை உண்டு. வாழையைப் போற்றும் நாம், கிரைண்டரை மட்டும் எடைக்குப் போடுகிறோம்!

நின்றுபோன கிரைண்டரில் கெட்டிருப்பது பெரும்பாலும் கல் அன்று. மோட்டார் முனகியபடி சுழலாமல் நின்றால் கப்பாசிட்டரைச் சோதிக்க வேண்டும். மோட்டார் ஓடியும் கல் சுற்றாவிட்டால் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். கரகரவென்ற இரைச்சல் எழுந்தால் பேரிங். அதன் மேல் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொண்டாலே போதும். 6204 என்றால், எந்த நிறுவனம் செய்திருந்தாலும் உள்துளை 20 மி.மீ.தான். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பேனர்களும் பேரிங் புல்லரும் கொண்டு, வீட்டுப் பட்டறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கக்கூடிய வேலை இது. வழவழத்துப்போன கல்லைக் கொத்துவதற்கு மட்டும் கைதேர்ந்தவர் வேண்டும். கொத்தியபின் முதல் இரண்டு மூன்று ஈடு அரிசியை அரைத்துக் கொட்டிவிட வேண்டும். இல்லையேல் இட்லி பல்லில் நறநறக்கும்.

ஓரிடத்தில் சிக்கனம் கூடாது. ஈரக் கையோடு தொடும் பொருள் இது. எர்த் இணைப்பில்லாத இரண்டு முள் பிளக்கை அகற்றி, எர்த் கம்பியுடன் மூன்று முள் பிளக் பொருத்துவதையும், மின்கசிவுச் சோதனையையும் மின்பணியாளரிடம் விட்டுவிடுக. வீட்டு மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் இருத்தல் நலம். கல்லில் விரிசல் கண்டால் பாசத்தை விட்டுவிடலாம்.

புதியது வாங்குவோரை ஈர்ப்பது ‘வட்டியில்லாத் தவணை’. பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என 2013இலேயே ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்திவிட்டது. வட்டி, செயலாக்கக் கட்டணத்திலோ, ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியிலோ ஒளிந்திருக்கும். பேரிங், பெல்ட், கொத்துக்கூலி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, தவணைத் தொகை முழுவதையும் அதன் அருகே எழுதிப் பார்த்தபின் முடிவெடுக்கலாம். மாவு விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு இக்கணக்கு இன்னும் கூர்மையானது. கிரைண்டர் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் நிற்கும் நாள்.

ஆனால் பழுது பார்ப்பவர் இருந்தால்தானே இக்கணக்கு பலிக்கும்? 2023இல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கல் செதுக்குவோரும் கல் உடைப்போரும் அடங்குவர். முதல் தவணையாக ரூ. 1 லட்சம் வரை, பிணையின்றி, 5 சதவீத வட்டியில் கடன் உண்டு. மோட்டார் சுருள் கட்டுவோர் அப்பட்டியலில் இல்லை, அவர்கள் ரூ. 50,000 வரையிலான முத்ரா ‘சிசு’ கடனை நாடலாம். புதுப் பொருள் வாங்கும் கடனுக்கு உள்ள விளம்பரம் இவற்றுக்கு இல்லை என்பதை நாம் குறையாகவே கருதுகிறோம். உங்கள் தெருவுக்குக் கல் கொத்த வருபவரிடம், கிளைக்கு வந்து விசாரிக்குமாறு சொல்லிவையுங்கள்.