தண்ணீர் குறைந்தால் மோட்டாரை முதலில் நிறுத்துவது யார்? மொன்டானா பண்ணைக்காரர்கள் கண்ட வழி

‘ஆற்றைக் காப்பாற்ற ஊரே ஒன்றுசேர்ந்தது’ என்று செய்தி வந்தால், லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் பிளாக்ஃபுட் ஆறு அதற்கு நல்ல உதாரணம்.

என்ன ஆறு இது?

ராக்கி மலையில் பிறந்து, மேற்கே சுமார் 210 கி.மீ. ஓடி, மிசோலா நகருக்கு அருகே கிளார்க் ஃபோர்க் ஆற்றில் கலக்கிறது. வழியெங்கும் மாட்டுப் பண்ணைகள், தீவனப்புல் வயல்கள், காடுகள். நார்மன் மக்லீன் எழுதி 1976-ல் வெளிவந்த ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’ நூல் இந்த ஆற்றைப் பிரபலமாக்கியது. 1992-ல் பிராட் பிட் நடிக்கப் படமாகவும் வந்தது. ஆனால், மீன்பிடிக் காட்சிகளைப் பெரும்பாலும் வேறு ஆறுகளில்தான் எடுத்தார்கள்.

நிஜ ஆறு அப்போது நொந்துபோயிருந்தது. 1975-ல் பெய்த கனமழையில், ஆற்றின் தலைப்பகுதியில் இருந்த மைக் ஹார்ஸ் சுரங்கத்தின் கழிவுத் தடுப்பணை உடைந்து, கன உலோகங்கள் நீரில் கலந்தன. மாடுகள் மிதித்துக் கரை சரிந்தது, காடுகளில் மரம் வெட்டியது, ஓடைகளைப் பாசனத்துக்குத் திருப்பியது என மற்ற காரணங்களும் சேர்ந்துகொண்டன.

ஒரே மேஜையில் எப்படி உட்கார்ந்தார்கள்?

1993-ல் பண்ணைக்காரர்கள், வனத் துறையினர், மீன்வளத் துறையினர், தூண்டில்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ‘பிளாக்ஃபுட் சேலஞ்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சுமார் 15 லட்சம் ஏக்கர் பரப்புள்ள ஆற்றுப் படுகை முழுவதும் அதன் களம். அவர்கள் வைத்துக்கொண்ட விதி ரொம்ப சிம்பிள்: 80 சதவீத விஷயங்களில் ஒத்துப்போக முடியும் என்றால், அவற்றை முதலில் செய்வோம், சண்டை வரும் 20 சதவீதத்தை அப்புறம் பார்ப்போம்.

கரடிப் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். செத்த மாட்டைப் பண்ணையிலேயே போட்டுவைத்தால், வாடை பிடித்து கிரிஸ்லி கரடி வரும். ‘கரடியைச் சுடலாமா கூடாதா’ என்று விவாதித்தால் வருஷக்கணக்கில் இழுக்கும். இவர்கள் சடலங்களை லாரி வைத்து அள்ளி, உரமாக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். கரடி மோதல்கள் வெகுவாகக் குறைந்தன.

சரி, தண்ணீர் விஷயம்?

இங்கேதான் நிஜமான சோதனை. பிளாக்ஃபுட் ஆறு பனி உருகி ஓடுவது. ஜூலை, ஆகஸ்ட்டில் வரத்து குறையும். பண்ணைக்காரருக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். குளிர்காலத்துக்கு வேண்டிய தீவனப்புல்லை அவர் அந்தச் சில மாதங்களில் விளைவித்தாக வேண்டும். டிரவுட் மீன்களுக்கோ குளிர்ந்த நீர் வேண்டும். ஆறு வற்றினால் நீர் சூடாகும்; சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவு.

மொன்டானாவின் நீர்ச் சட்டம் ‘முதலில் வந்தவருக்கு முதல் உரிமை’ என்பது. 1880-களில் வாய்க்கால் வெட்டிய குடும்பம் முழுப் பங்கையும் எடுத்த பிறகுதான் பின்னால் வந்தவருக்கு மிச்சம். அதுமட்டுமல்ல, நீண்ட காலம் பயன்படுத்தாத உரிமை பறிபோகவும் வாய்ப்பு உண்டு. இந்த நிலையில் யார்தான் தண்ணீரைச் சும்மா ஆற்றில் விடுவார்?

மீன்களுக்காக மாநில மீன்வளத் துறையிடமும் ஓர் உரிமை இருக்கிறது. ஆனால், அது 1971-ல் வந்தது. ஆற்றின் வரத்து விநாடிக்கு 700 கன அடிக்குக் கீழே போனால், 1971-க்குப் பிறகு உரிமை பெற்றவர்களை மட்டுமே அதை வைத்து நிறுத்தச் சொல்லலாம். அதற்கு முன்பிருந்தே உரிமை வைத்திருக்கும் பழைய பண்ணைகளை அது தொடக்கூட முடியாது.

2000-ம் ஆண்டு கடும் வறட்சி வந்தபோது, ‘கஷ்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்வோம்’ என்று ஒரு திட்டம் போட்டார்கள். வரத்து 700 கன அடிக்குக் கீழே போனால், திட்டத்தில் சேர்ந்த பண்ணைகள், பழைய உரிமைக்காரர்கள் உட்பட, பாசனத்தைக் குறைக்க வேண்டும். நீர் சூடானால் தூண்டில்காரர்களும் மீன்பிடிப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு, திட்டத்தில் சேர்ந்த புதிய உரிமைக்காரர்களை மீன்வளத் துறை முழுசாக மூடச் சொல்லாது.

அப்போ சட்டம் தேவையில்லையா?

பலர் இந்தக் கதையை ‘அரசு ஒதுங்கி நின்றால் மக்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 1971-ம் ஆண்டு உரிமை இல்லாவிட்டால், புதிய உரிமைக்காரர் பேச்சுவார்த்தைக்கு வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வராவிட்டால் மோட்டாரை முழுசாக நிறுத்த வேண்டியிருக்கும் என்பதுதான் அவரை உட்கார வைத்தது. அதேசமயம், பழைய உரிமைக்காரர் விட்டுக்கொடுத்ததை எந்தச் சட்டமும் வாங்கித் தந்திருக்காது. பக்கத்துப் பண்ணைக்காரர் குறைக்கும்போது நாம் மட்டும் இழுப்பதா என்ற கூச்சமும், பல வருஷம் சேர்ந்து வேலை செய்த நம்பிக்கையும்தான் அதைச் சாதித்தன.

80-20 விதிக்கும் ஓர் எல்லை உண்டு. தள்ளிவைத்த 20 சதவீதம் தானாகக் கரைந்துவிடாது. மைக் ஹார்ஸ் கழிவை அள்ள அரசின் உத்தரவும் சுரங்க நிறுவனங்களின் பணமும் தேவைப்பட்டன. ஆற்றின் முகத்துவாரத்தில் நூறு ஆண்டுகள் மீன்களை மறித்த மில்டவுன் அணை 2008-ல் உடைக்கப்பட்டதும் மத்திய அரசின் தூய்மைப்பணித் திட்டத்தால்தான். இவையெல்லாம் காபி குடித்துப் பேசி முடிக்கும் விவகாரங்கள் அல்ல.

அதனால், அடுத்த முறை ‘மக்கள் பங்கேற்புடன் நதி மீட்பு’ என்று யாராவது சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை கன அடிக்குக் கீழே போனால் திட்டம் அமலுக்கு வரும்? அன்று யார் யார் எவ்வளவு குறைப்பார்கள்? ஒத்துழைக்காதவருக்கு என்ன ஆகும்? பிளாக்ஃபுட் மக்கள் இந்த மூன்றுக்கும் வறட்சியிலேயே பதில் எழுதிவைத்தார்கள். பதில் இல்லாத திட்டம் நல்ல மழை பெய்யும் வருஷத்தில் மட்டும்தான் ஓடும்.