அடுப்படிக் கழிவும் அவரைக் கொடியும்



1895ஆம் ஆண்டு முதல் முல்லைப் பெரியாற்று நீர் பாய்ந்து வரும் கம்பம் பள்ளத்தாக்கில் பசுமைக்குக் குறைவில்லை. ஆயினும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும், கொல்லையில் நான்கு கத்தரிச் செடியும் ஓர் அவரைக் கொடியும் வைத்திருக்கும் நம்மில் பலர், உரத்தைக் கடையில் வாங்குகிறோம்; உரமாக வேண்டிய அடுப்படிக் கழிவையோ தெருவில் கொட்டுகிறோம். வீட்டிலேயே உரம் தயாரிக்க முற்பட்டவர்களும் ஒரு மாதத்தில் கைவிட்டு விடுகின்றனர். காரணம், நாற்றம்.

நானும் அவ்வாறு தோற்றவளே. காய்கறித் தோல், திராட்சைச் சக்கை, மிஞ்சிய பிரியாணி, எலும்பு என யாவற்றையும் ஒரே குழியில் கொட்டினேன். பத்து நாள்களில் புழு நெளிந்தது, பூனைகள் கிளறின. அடுத்த வீட்டு மாமி சுவரோரம் வந்து, "கொல்லைப் பக்கம் நிற்க முடியவில்லையே அம்மா" என்றார். அவர் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்; பொறுமையாகச் சொன்னதுதான் என்னை வெட்கப்பட வைத்தது.

பிழை எங்கே? ஈரக் கழிவை மட்டும் குவித்தால் உள்ளே காற்றுப் புகாது. காற்றில்லா இடத்தில் பெருகும் நுண்ணுயிர்களே நாற்றத்தை உண்டாக்குகின்றன. ஈரக் கழிவில் தழைச்சத்து மிகுதி. சருகில் கரிச்சத்து மிகுதி. தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு வரை இருத்தல் நலம். இக்கணக்கு நமக்கெதற்கு? ஒரு கூடை அடுப்படிக் கழிவுக்கு இரண்டு கூடை சருகு என்று நினைவில் வைத்தால் போதும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய அறிஞர் வகுத்த முறையும், செடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கி, காற்றுப் புகுமாறு புரட்டுவதே. இந்திய உழவர்களைத் தம் ஆசான்களாகக் கருதியவர் அவர்.

சருகுக்கு நாம் அலைய வேண்டியதில்லை; வாழைத் தோட்டம் எங்கும் காய்ந்த இலை கிடக்கிறது. தென்னை நார்க்கழிவை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது ஈரத்தை நன்கு உறிஞ்சும். ஆனால் எளிதில் மக்காது. கைப்பிடியளவு கலக்கலாம், அவ்வளவே.

பழைய மண்பானை ஒன்றின் அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டு, இரு செங்கற்கள் மேல் வையுங்கள். அடியில் ஒரு சாண் உயரம் சருகு. அதன்மேல் அன்றாடக் கழிவு. உடனே அதனை மூடும்படி மீண்டும் சருகு. இடையிடையே தோட்டத்து மண் ஒரு பிடி. இறைச்சி, மீன், எலும்பு, எண்ணெய் பட்ட சோறு ஆகியவை வேண்டவே வேண்டாம். வாரம் ஒருமுறை கிளறுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் சருகு சேர்க்கவும். உதிர்ந்தால் நீர் தெளிக்கவும். நம் பகுதியில் ஆடிக் காற்று பானையை உலர்த்திவிடும். அப்போது ஈரச்சாக்கால் மூடுங்கள். ஐப்பசி மழைக்கு மூடியே வேண்டும்.

இரண்டாம் முறை தொடங்குமுன் மாமியிடம் சொல்லிவிட்டே தொடங்கினேன். அவ்வப்போது சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை.

ஏறத்தாழ மூன்று மாதங்களில் பானையில் பாதியளவாகக் குறைந்து, கருத்து, மழை பெய்த மண்ணின் மணம் வீசும். ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து அவரைக்கு இடலாம். அவசரப்படாதீர்கள், அரைகுறையாக மக்கியது வேரை வாட்டும். வாழைத்தோல் இன்னும் தோலாகவே தெரிந்தால் மேலும் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள்.