கூலிக்கு ஏறிய மலையில் விளையாடவும் ஏறுவோம்

மலையேறுவது நம் மக்களுக்குப் புதிதல்ல. விறகுக்கு ஏறியிருக்கிறோம், தழைக்கு ஏறியிருக்கிறோம், கல்லுடைக்க ஏறியிருக்கிறோம். ஜவ்வாது மலையிலிருந்தும் அதன் அடிவாரத்திலிருந்தும் கூலிக்கு மரம் வெட்டப் போனவர்களின் கதை இந்த மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் மாண்டார்கள். எல்லோரும் தமிழகத்து ஏழைக் கூலிகள். அவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தினர். மலை நம் வீடுகளுக்கு வயிற்றுப்பாடாகவே இருந்து வந்திருக்கிறது. அதில் விளையாட்டாக ஏறுவதுதான் நமக்குப் புதிது.

இதை எழுதக் காரணம், அண்மையில் செங்கம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்ட கேள்வி. கல்லூரிப் படிப்பு முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர். "அக்கா, இங்க பாறையேற்றக் குழு ஒண்ணு நடத்துறாங்க. ஞாயித்துக்கிழமைதான் பயிற்சி. சேரலாமான்னு யோசிக்கிறேன். பாறையைப் பாத்து பயமில்ல. பேரைக் கேட்டதுக்கப்புறம் ஊரைக் கேப்பாங்க, ஊரைச் சொன்னா எந்தத் தெருன்னு கேப்பாங்க. அதுக்குத்தான் யோசனை" என்றார்.

நம்மில் மூத்தவர்கள் சிலரிடம் இதைச் சொன்னால் வேறு பதில் வரும். சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, பஞ்சமி நிலம் மீளவில்லை, இதில் இடுப்பில் கயிறு கட்டி விளையாட்டு ஒரு கேடா என்பார்கள். அவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் பஞ்சமி நிலத்துக்கும் ஒரு பெண்ணின் ஞாயிற்றுக்கிழமைக்கும் பகை ஏதும் இல்லை. சாதி நம்மிடமிருந்து நிலத்தை மட்டும் பறிக்கவில்லை, ஓய்வையும் பறித்தது. பண்ணை அடிமைக்கு விடுமுறை கிடையாது. அவர் சும்மா உட்கார்ந்தால் சோம்பேறி. ஆண்டை சும்மா உட்கார்ந்தால் அது அந்தஸ்து. ஆகவே நம் பிள்ளைகள் பயனொன்றும் கருதாமல், மகிழ்ச்சிக்காக மட்டும் ஒரு பாறையில் ஏறுவதும் உரிமைப் பேச்சுக்குள் வருவதுதான்.

அந்தத் தங்கையின் தயக்கத்துக்கும் இந்த மாவட்டத்திலேயே காரணம் இருக்கிறது. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று. அதுவும் காவல்துறைப் பாதுகாப்போடு. சமதரையில் இருக்கும் ஒரு வாசற்படியைத் தாண்ட இத்தனை காலம் ஆயிற்று. சாதி நமக்கு உயரத்தால் தடை போடுவதில்லை. யாரோடு நிற்கலாம், யாரைத் தொடலாம், யாரோடு தின்னலாம் என்பதில்தான் தடை போடுகிறது.

பாறையேற்றம் நடக்கும் முறையைப் பாருங்கள். பாறையின் தலைப்பில் கயிற்றுக்கு ஒரு பிடிமானம் அமைப்பார்கள். கயிற்றின் ஒரு முனை ஏறுபவரின் இடுப்புப் பட்டையில் கட்டியிருக்கும். கயிறு மேலே போய்த் திரும்பி, கீழே நிற்பவரின் இடுப்பில் மாட்டிய கருவி வழியாக வரும். ஏறுபவர் ஒவ்வோர் அடி உயரும்போதும் கீழே நிற்பவர் தளர்வை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே கை நழுவினால் கீழே இருப்பவரின் பிடிதான் உயிர். ஏறத் தொடங்குமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் கையால் தொட்டு இழுத்துச் சரிபார்ப்பது கட்டாயம். தொடாதே என்பது சாதியின் முதல் விதி. தொட்டுப் பார்க்காமல் ஏறாதே என்பது இந்த விளையாட்டின் முதல் விதி.

அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில், மக்கள் தடையின்றிக் கலந்து பழகும் வழிகள் பல இருக்கும் சமூகத்தையே நல்ல சமூகமாகக் கண்டார். கோயிலும் தேநீர்க்கடையும் பேருந்தும் மட்டும் அந்த வழிகள் அல்ல. நூலகம், பாட்டுக்குழு, விளையாட்டுச் சங்கம் எல்லாமே அதில் சேரும். இவற்றில் நாம் இல்லாமல் போனால், ஊர் தனக்குள் மட்டுமே பழகிக்கொண்டிருக்கும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. விளையாட்டில் நம்மை ஏற்றுக்கொண்டு பந்தியில் ஒதுக்குவதற்குப் பழைய சான்று உண்டு. பல்வங்கர் பாலு தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். புணேயில் வெள்ளையரின் கிளப் மைதானத்தில் வேலை பார்த்தபடியே பந்துவீச்சில் தேர்ந்தவர். ஆட்டத்தில் வெல்ல அவர் வேண்டும் என்பதால் இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண்கோப்பையில். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவரும் அவர்தான். ஆனாலும் இந்துக்கள் அணியின் தலைமை கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. 1923இல் அது அவருடைய தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. பாலுவின் ஆட்டமும், அதையொட்டி எழுந்த கேள்விகளும் இல்லாமல் தம்பிக்கு அந்த இடம் வந்திருக்காது.

இன்னொரு சான்று நம் காலத்தது. 2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற மாலாவத் பூர்ணாவுக்கு அப்போது வயது 13. பழங்குடிச் சிறுமி. அவரோடு ஏறிய ஆனந்த் குமார் தலித் மாணவர். இருவரும் அரசின் சமூகநல உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள். அந்தப் பள்ளிகளின் செயலாளராக இருந்த ஐபிஎஸ் அதிகாரி ஆர்.எஸ்.பிரவீன்குமார் எடுத்த முயற்சியில், புவனகிரிக் கோட்டைப் பாறையில் தொடங்கிய பயிற்சி அவர்களை அங்கே கொண்டுபோனது. அந்தப் பிள்ளைகளிடம் துணிச்சல் முன்பே இருந்தது. கயிறும் காலணியும் பயிற்றுநரும்தான் புதிதாகக் கிடைத்தவை. நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் எத்தனை பூர்ணாக்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் தூங்கிக் கழிக்கிறார்களோ!

சங்க இலக்கியத்தின் 'மலைபடுகடாம்' நம் மாவட்டத்து நூல். அதில் வரும் நவிரமலை இன்றைய பர்வதமலைதான் என்பார்கள். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்களுக்கு எந்தப் பாறை வழுக்கும், எங்கே பொறி வைத்திருப்பார்கள், எங்கே பாம்பு இருக்கும் என்று முன்பே போய் வந்தவர் சொல்லி அனுப்புகிறார். ஏறப் போகிறவருக்கு ஏறியவர் சொல்லும் வழிதான் ஆற்றுப்படை. சங்கங்களிலும் அமைப்புகளிலும் இருபது ஆண்டு ஏறி இறங்கிய அனுபவத்தில் நானும் சில சொல்லலாம்.

சேர்வதற்கு முன் ஒரு ஞாயிறு சும்மா போய்ப் பாருங்கள். பாறையை விட்டுவிட்டு, பாறைக்குக் கீழே நடப்பதைக் கவனியுங்கள். பைகளையும் தண்ணீர்க் கேன்களையும் சுமப்பது யார்? முறைவைத்துச் சுமக்கிறார்களா, எப்போதும் அதே இரண்டு பேரா? ஒரே பாட்டிலில் எல்லோரும் தண்ணீர் குடிக்கிறார்களா? வழியில் எந்த ஊரில், யார் வீட்டில் சாப்பாடு? பயிற்றுநர் முறையாகப் பயிற்சி பெற்றவரா, முதலுதவிக்கு ஏற்பாடு உண்டா? கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா, கருவிகளைப் பொதுவில் தருகிறார்களா? வரவு செலவு எல்லோருக்கும் தெரியுமா? ஒருவர் சாதி சொல்லிப் பேசினால் குழு என்ன செய்யும் என்று நேராகவே கேளுங்கள். "இங்கே சாதியெல்லாம் பார்ப்பதில்லை" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். பார்த்தால் என்ன நடவடிக்கை என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

தெருவைக் கேட்டால் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டால், தெரிந்துவிடுமோ என்ற பயத்தையும் முதுகில் சுமந்துகொண்டு ஏற வேண்டியிருக்கும். சொன்ன பிறகு உங்கள் கயிற்றைப் பிடிக்க யார் முன்வருகிறார் என்பதும் தெரிந்துவிடும். தனியாகப் போகாதீர்கள், தெரு நண்பர்கள் இரண்டு மூன்று பேராகச் சேருங்கள். பெண்கள் என்றால் இன்னும் அவசியம். விலக வேண்டி வந்தால் சத்தமில்லாமல் நின்றுவிடாமல், காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு விலகுங்கள். அடுத்து வரும் பிள்ளைக்கு அது உதவும்.

நாமே தனியாக ஒரு குழு தொடங்கலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். தொடங்கலாம், தவறில்லை. ஆனால் மலை பொதுச்சொத்து. அதில் ஏறும் சங்கமும் பொதுவாக இருக்க வேண்டும் என்று கேட்பதை நாம் கைவிடக் கூடாது. அதோடு, மாவட்ட நிர்வாகமும் விளையாட்டுத் துறையும் ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களுக்குப் பாறையேற்றப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். பாறைக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. பக்கத்து மாநிலத்தின் உறைவிடப் பள்ளிகளால் முடிந்தது இங்கேயும் முடியும்.

தங்கையிடம் சேரச் சொன்னேன். உறுப்பினர் கட்டணத்துக்கு ரசீது வாங்கச் சொன்னேன். ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கிக் கேள்வி கேட்கவும், செயலாளர் பதவி காலியானால் மனு போடவும் சொல்லியிருக்கிறேன்.